71 என்ற மதிப்பெண்: ஹால் வழக்கில் நுண்ணறிவு அளக்கப்பட்ட விதம்

ஒருவரின் ஐக்யூ, அதாவது நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண், 71. அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்று மரண தண்டனையிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் கேட்டது 70. இந்த ஒரு புள்ளியைக் காட்டி, அவருடைய குறைபாட்டுக்கான மற்ற சான்றுகளைப் பார்க்கவே தேவையில்லை என்று ஃபுளோரிடா மாநில நீதிமன்றங்கள் ஒதுக்கின. 2014 மே 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழியை 5–4 என்ற கணக்கில் அடைத்தது. ஹால் எதிர் ஃபுளோரிடா என்ற இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் மரண தண்டனை பற்றிய பாடத்தில் படிப்பார்கள். உளவியல் அளவீட்டைக் கற்பவர்களுக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. ஒரு மதிப்பெண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று காட்டும் பிழை வரம்பைக் கழற்றிவிட்டு ஐக்யூ எண்ணை மட்டும் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பது இங்கே பச்சையாகத் தெரிகிறது.

வழக்கின் பின்னணி

1978 பிப்ரவரியில் ஃபிரெடி லீ ஹாலும் கூட்டாளி ஒருவரும் 21 வயதுக் கர்ப்பிணிப் பெண்ணைக் கடத்திக் கொன்றார்கள். பிறகு கொள்ளையடிக்கப் போன கடையின் வாகன நிறுத்தத்தில் துணை ஷெரிஃப் ஒருவர் கொல்லப்பட்டார். ஹாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1987-இல் வேறொரு வழக்கில், தண்டனையைக் குறைக்க உதவும் எந்தச் சான்றையும் குற்றவாளி முன்வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ஹாலுக்கு மீண்டும் தண்டனை விசாரணை நடந்தது. அவருடைய இளமை வாழ்க்கை அங்கேதான் பதிவாகிறது. 17 பிள்ளைகளில் அவர் 16-ஆவது. நடக்கவும் பேசவும் மற்றப் பிள்ளைகளைவிடப் பல காலம் பிந்தினார். ஆசிரியர்கள் பள்ளிப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப அவருடைய அறிவு வளர்ச்சிக் குறையைக் குறித்து வைத்திருந்தார்கள். சொன்னது புரியவில்லை, சின்னத் தவறு செய்தார் என்பதற்கெல்லாம் வீட்டில் அடி விழுந்தது. பரிசோதித்த மருத்துவ உளவியலாளர்களும் குறைபாடு கணிசமானது என்றார்கள். ஹால் வாழ்நாள் முழுக்க அறிவுசார் குறைபாட்டுடன் இருந்தவர் என்பதை விசாரணை நீதிமன்றமே ஏற்றது. ஆனால் அன்றைய சட்டத்தில் அது தண்டனையைக் குறைக்கக்கூடிய ஒரு காரணம், அவ்வளவுதான். தண்டனை மாறவில்லை.

2002-இல் அட்கின்ஸ் எதிர் வர்ஜினியா தீர்ப்பு வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவது அரசியலமைப்புக்கு முரண் என்று 6–3 என முடிவானது. யாருக்குக் குறைபாடு இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் முறையை மட்டும் அந்தத் தீர்ப்பு மாநிலங்களின் கையில் விட்டது. சிக்கல் அங்கே தொடங்கியது. ஃபுளோரிடா 2001-இலேயே இதற்கொரு சட்டம் வைத்திருந்தது. தரப்படுத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனையில் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் அல்லது அதற்கு மேல் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் வாசகம். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு; ஐக்யூவில் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்பதால் இந்த எல்லை 70. அந்த வாசகத்தில் தவறு சொல்ல முடியாது. 2007-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதற்குக் கொடுத்த விளக்கம்தான் வழக்கைத் திருப்பியது: மதிப்பெண் 70 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், அளவீட்டுப் பிழைக்கு இடமில்லை.

ஹால் 2004 நவம்பரில் மனு போட்டார். விசாரணைக்கு வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 40 ஆண்டுகளில் அவருக்கு ஒன்பது ஐக்யூ மதிப்பீடுகள் நடந்திருந்தன. மதிப்பெண்கள் 60 முதல் 80 வரை. 70-க்குக் கீழே இருந்த இரண்டையும் சாட்சியச் சட்டக் காரணங்களுக்காக நீதிமன்றம் நீக்கியது. மிஞ்சியவற்றில் மிகக் குறைந்தது 71. மனு தள்ளுபடி ஆனது. வாழ்நாள் முழுக்கக் குறைபாடு உள்ளவர் என்று முன்பு ஒப்புக்கொண்ட அதே மாநிலத்தின் நீதி அமைப்பு, இப்போது 71-ஐக் காட்டி இல்லை என்றது.

எதை அளக்கிறோம்

நுண்ணறிவு என்றால் என்ன என்று உளவியலாளர்களைக் கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. 1921-இல் ஓர் ஆய்விதழ் அன்றைய முன்னணி ஆய்வாளர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது ஆளுக்கொரு வரையறை வந்தது. எரிச்சலடைந்தவர் போல எட்வின் போரிங் 1923-இல், சோதனைகள் எதைச் சோதிக்கின்றனவோ அதுவே நுண்ணறிவு என்று எழுதினார். கேலியாக எடுத்துக்கொள்ளப்பட்டாலும் அதில் நடைமுறை நேர்மை உண்டு. டேவிட் வெக்ஸ்லர் 1944-இல் தந்த வரையறை அகலமானது: நோக்கத்தோடு செயல்பட, பகுத்தறிந்து சிந்திக்க, சூழலைத் திறம்படச் சமாளிக்க ஒருவருக்குள்ள ஒட்டுமொத்தத் திறன்.

வரையறையில் ஒத்துப்போகாதவர்களும் ஒரு கண்டுபிடிப்பில் ஒத்துப்போகிறார்கள். சொல்வளம், கணக்கு, வடிவப் புதிர், நினைவு, வேகம் என்று எவ்வளவு வேறுபட்ட சோதனைகளைக் கொடுத்தாலும், ஒன்றில் மேலே இருப்பவர்கள் மற்றவற்றிலும் சராசரியாக மேலேயே இருக்கிறார்கள். எல்லா ஒட்டுறவுகளும் (இரண்டு மதிப்பெண்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) நேர்மறையாக வருகின்றன. சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இல் இதைக் காட்டி, பின்னால் ஒரு பொதுக் காரணி இருக்கிறது என்றார். ரேமண்ட் கேட்டல் அதைப் புதுச் சிக்கலைத் தீர்க்கும் பாய்ம நுண்ணறிவு, கற்றுச் சேர்த்த படிக நுண்ணறிவு என்று பிரித்தார். ஜான் கரோல் 1993-இல் நூற்றுக்கணக்கான தரவுத் தொகுப்புகளை மறுபகுப்பாய்வு செய்து மூன்றடுக்கு அமைப்பாக ஒழுங்குபடுத்தினார். இன்றைய சோதனைகள் பெரும்பாலும் அந்த அடுக்கைப் பின்பற்றியே கட்டப்படுகின்றன.

அறிவுசார் குறைபாடு என்பது இதைவிடக் குறுகலான, தெளிவான வரையறை கொண்டது. மூன்று நிபந்தனைகள் சேர்ந்து இருக்க வேண்டும். நுண்ணறிவுச் செயல்பாடு கணிசமாகக் குறைவாக இருப்பது, அன்றாட வாழ்வுக்கான தகவமைப்பு நடத்தையில் குறை இருப்பது, இரண்டும் வளர்பருவத்திலேயே தொடங்கியிருப்பது. ஃபுளோரிடா செய்த தவறு முதல் நிபந்தனையைக் கதவாக்கியது. அந்தக் கதவு திறக்காவிட்டால் மற்ற இரண்டும் கேட்கப்படாது.

அந்தக் கதவை எங்கே வைப்பது என்பதும் இயற்கை தந்த கோடு அல்ல. 1961-இல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் கையேடு ஒரு திட்ட விலக்கத்தையே எல்லையாக வைத்திருந்தது. அதன்படி 85-க்குக் கீழ் உள்ள எல்லோரும், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 சதவீதம் பேர், முதல் நிபந்தனைக்குள் வந்துவிடுவார்கள். 1973-இல் எல்லை இரண்டு திட்ட விலக்கத்துக்கு இறங்கியது. 2.3 சதவீதம் பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு கையேட்டுத் திருத்தத்தில் கோடிக்கணக்கானவர்கள் கோட்டுக்கு வெளியே போனார்கள். அவர்களில் யாருடைய திறனும் மாறவில்லை.

71 எப்படி உருவாகிறது

2008-இல் வெளிவந்த வெக்ஸ்லர் வயதுவந்தோர் சோதனையின் நான்காம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். முக்கிய உபசோதனைகள் பத்து. ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து, 60 முதல் 90 நிமிடம் நடக்கும். சொற்பொருளும் ஒற்றுமை காண்பதும் பொது அறிவும் ஒரு குறியீட்டில் சேரும். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பது, வடிவ வரிசையை நிரப்புவது, காட்சிப் புதிர் ஆகியவை இன்னொன்று. எண் தொடரை நினைவில் வைப்பதும் மனக்கணக்கும் செயல்நினைவு. குறி தேடுவதும் குறியீடு எழுதுவதும் வேகம். இவை இரண்டுக்கும் தலா 120 வினாடிதான்.

விதிகள் கறாரானவை. எண் தொடரை வினாடிக்கு ஓர் எண் வீதம் வாசிக்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால் கேட்பவருக்கு நினைவில் வைப்பது எளிதாகிவிடும், மதிப்பெண் ஏறும். ஒவ்வொரு உபசோதனைக்கும் தொடங்கும் இடம் உண்டு. தொடக்கக் கேள்விகளில் தவறினால் பின்னோக்கிப் போக வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடர்ந்து பூஜ்யம் வந்தால் நிறுத்த வேண்டும். சீக்கிரம் நிறுத்திவிட்டால் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண் போய்விடும்.

வாய்மொழிப் பகுதிகளில் ஒவ்வொரு பதிலுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். சோதனையில் இல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன். கத்தியும் கோடரியும் எந்த வகையில் ஒன்று என்று கேட்டால், ‘இரண்டும் வெட்டும் கருவிகள்’ என்பது 2. ‘இரண்டிலும் இரும்பு இருக்கும்’ என்பது 1. ‘கத்தி சின்னது, கோடரி பெரியது’ என்பது 0. ‘வெட்டலாம்’ என்று மட்டும் சொன்னால்? தேர்வாளர் ‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்’ என்று கேட்டே ஆக வேண்டிய இடங்கள் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். கேட்காமல் விடுவதும், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டு உதவுவதும் அடிக்கடி நடக்கிற பிழைகள். கூட்டலில் தப்பு, வேறு வயதுக்கான அட்டவணையைப் பார்ப்பது ஆகியவை அனுபவம் உள்ளவர்களிடமும் நடக்கும்.

மூல மதிப்பெண் தனியாக ஒன்றும் சொல்லாது. அதே வயதினரோடு ஒப்பிட்டு, சராசரி 10, திட்ட விலக்கம் 3 கொண்ட அளவுப்புள்ளியாக மாற்றுவார்கள். பத்தையும் கூட்டி, சராசரி 100, திட்ட விலக்கம் 15 கொண்ட முழு ஐக்யூவாக மாற்றுவார்கள். ஓர் உபசோதனையில் ஓர் அளவுப்புள்ளி கூடினால் முழு ஐக்யூ அரைப் புள்ளியிலிருந்து ஒரு புள்ளி வரை நகரும். ஆக, 70-க்கும் 71-க்கும் நடுவே இருக்கும் தூரம், இரண்டொரு வாய்மொழிப் பதில்களுக்குத் தேர்வாளர் 1 போடுகிறாரா 2 போடுகிறாரா என்பதிலேயே கடந்துவிடக்கூடியது.

ஒப்பீட்டுக்கான மாதிரியையும் பார்க்க வேண்டும். இந்தப் பதிப்பில் 16 முதல் 90 வயது வரை 2,200 பேர், 13 வயதுப் பிரிவுகள். 69 வயது வரையிலான ஒவ்வொரு பிரிவிலும் 200 பேர். அந்த 200 பேரில் 70-க்குக் கீழே எதிர்பார்க்கக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான். நடுப்பகுதியில் அட்டவணை உறுதியாக இருக்கும். கீழ் ஓரத்தில் அது புள்ளியியல் முறையில் சீராக்கப்பட்ட வளைகோட்டை நம்பி நிற்கிறது. உயிர் போகிற முடிவுகள் எல்லாம் அந்த ஓரத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

பிழையின் கணக்கு

ஒரே ஆளை, களைப்பும் பழக்கமும் சேராமல் பல முறை சோதித்தால் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறும் என்பதன் மதிப்பீடே அளவீட்டுத் திட்டப் பிழை. சூத்திரம் எளிது: திட்ட விலக்கம் × √(1 − நம்பகத்தன்மை). நம்பகத்தன்மை என்பது சோதனை எவ்வளவு சீராக அதே முடிவைத் தருகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண். நம்பகத்தன்மை 0.97 என்றால் 15 × √0.03 = 2.6. நல்ல சோதனை. ஆனாலும் பிழை இருக்கிறது. 0.90 என்றால் அது 4.7 ஆகிவிடும். சுருக்கச் சோதனைகளிலும் குழுவாக எழுதும் தாள் சோதனைகளிலும் நிலைமை இன்னும் மோசம். நோயறிதலுக்குத் தனியாள் சோதனையே வேண்டும் என்று 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு சொல்வதற்கு இது ஒரு காரணம்.

உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் 71-ஐயே உதாரணமாக எடுத்துக்கொண்டது. 68 சதவீத நம்பிக்கையில் அது 68.5 முதல் 73.5 வரை. 95 சதவீத நம்பிக்கையில் 66 முதல் 76 வரை. இதை வேறு விதமாகவும் கேட்கலாம்: 71 வாங்கியவரின் உண்மை மதிப்பு 70-இலோ அதற்குக் கீழோ இருக்க எவ்வளவு வாய்ப்பு? பிழையை 2.5 என்று வைத்து எளிமையாகக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு. தீவிர மதிப்பெண்கள் சராசரியை நோக்கி நகரும் என்பதையும் சேர்த்தால் உண்மை மதிப்பின் சிறந்த மதிப்பீடு 100 − 0.97 × 29, அதாவது 71.9, அப்போது வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறையும். எப்படிக் கணக்கிட்டாலும், கோட்டின் மேல் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை.

பிழை இரண்டு பக்கமும் ஓடும் என்பதை குற்றவாளித் தரப்பு வழக்கறிஞர்கள் சிலர் வசதியாக மறந்துவிடுவார்கள். 69 வாங்கியவரின் உண்மை மதிப்பு 74 ஆகவும் இருக்கலாம். பிழை வரம்பின் வேலை யாருக்கும் சலுகை மதிப்பெண் போடுவது அல்ல. இந்த எண்ணால் மட்டும் முடிவெடுக்க முடியாது, அடுத்த சான்றுக்குப் போ என்று சொல்வதுதான் அதன் வேலை. வரம்பு தொடுகிற இடத்தில் தகவமைப்பு நடத்தைச் சான்றைக் கேட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பும் அதையே சொன்னது. அறிவுசார் குறைபாடு ஒரு நிலை, எண் அல்ல என்பது பெரும்பான்மைத் தீர்ப்பில் நீதிபதி கென்னடி எழுதிய வரி.

இந்தத் திறப்பின் விலையும் தெரிந்திருக்க வேண்டும். 70 வரை உள்ளவர்கள் 2.3 சதவீதம். 75 வரை எடுத்தால் 4.8 சதவீதம். ஐந்து புள்ளி நகர்ந்ததும் தலைகள் இரட்டிப்பாகின்றன. தகவமைப்பு நடத்தை என்ற இரண்டாம் நிபந்தனையை உண்மையாகவே சோதிக்காவிட்டால் கோடு சும்மா 75-க்கு மாறியதாகத்தான் ஆகும்.

ஒன்பது மதிப்பெண்கள், 20 புள்ளி இடைவெளி

ஒரே மனிதருக்கு 60-உம் 80-உம் வருவதை அளவீட்டுத் திட்டப் பிழையால் மட்டும் விளக்க முடியாது. அந்தப் பிழை ஒரே சோதனைக்குள் நடக்கும் தடுமாற்றத்தைத்தான் சொல்கிறது. 40 ஆண்டுகளில் சோதனை மாறும், பதிப்பு மாறும், தேர்வாளர் மாறுவார், சிறையின் சூழலும் ஆளின் உடல்நிலையும் மாறும். இவற்றில் இரண்டை அளந்து சொல்ல முடியும்.

முதலாவது, ஒப்பீட்டு அட்டவணை பழசாவது. தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மதிப்பெண் ஏறி வருவதை ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் அமெரிக்கத் தரவுகளில் காட்டினார். வேகம் ஆண்டுக்குச் சுமார் 0.3 புள்ளி. பழைய அட்டவணையோடு இன்றைய ஆளை ஒப்பிட்டால் அவர் இருப்பதைவிட மேலாகத் தெரிவார். வெக்ஸ்லர் சோதனையின் 1981-ஆம் ஆண்டுப் பதிப்புக்கான தரவு 1970-களின் பின்பாதியில் திரட்டப்பட்டது. நடு ஆண்டை 1978 என்று கொள்ளலாம். அதை ஒருவர் 1995-இல் எழுதி 73 வாங்கினால், 17 × 0.3 = 5.1, திருத்திய மதிப்பு 68-ஐ ஒட்டி வரும். இப்படித் திருத்தலாம் என்பது அமெரிக்க அறிவுசார் குறைபாட்டுச் சங்கத்தின் நிலை. நீதிமன்றங்கள் இதில் ஒருமித்து இல்லை. தனி ஆளின் எண்ணில் ஒரு கூட்டத்தின் சராசரி நகர்வைக் கழிப்பது சரியா என்ற எதிர்ப்புக்கு எடை உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு எண்களையும் அறிக்கையில் எழுதிவிட்டு, எது எப்படி வந்தது என்று விளக்குவதே நேர்மையான வழி.

இரண்டாவது, பழக்கம். அதே சோதனையைச் சில வாரங்களில் மீண்டும் எழுதினால் முழு ஐக்யூ சராசரியாக நான்கு புள்ளி அளவுக்கு ஏறுகிறது. கட்டை அடுக்குவது போன்ற பகுதிகளில் ஏற்றம் அதிகம், சொற்பொருளில் குறைவு. எதிரெதிர்த் தரப்பு நிபுணர்கள் அடுத்தடுத்து அதே சோதனையைக் கொடுக்கும் வழக்குகளில் இரண்டாவதாக வருபவரின் எண் ஏறியே இருக்கும். ஓராண்டுக்குள் அதையே கொடுக்காமல் வேறு சோதனைக்கு மாறுவது வழக்கம்.

இனி, பல மதிப்பெண்களை எப்படிச் சேர்ப்பது? சராசரி எடுத்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. ஒருவர் இரண்டு வேறு சோதனைகளில் 71, 71 வாங்கியிருக்கிறார். அந்தச் சோதனைகளுக்கு இடையிலான ஒட்டுறவு 0.8. இரண்டின் சராசரிக்குத் திட்ட விலக்கம் 15 இருக்காது. 15 × √((1 + 0.8) ÷ 2), அதாவது 14.2 தான். ஒன்றில் தாழ்ந்தவர்கள் பலர் இன்னொன்றில் கொஞ்சம் மேலே வந்துவிடுவதால், இரண்டிலும் தாழ்ந்து நிற்பவர் அரிதானவர். 29 ÷ 14.23 × 15 = 30.6. சேர்ந்த மதிப்பெண் 69.4. தனித்தனியே இரண்டுமே கோட்டுக்கு மேல். சேர்த்தால் கோட்டுக்குக் கீழ். பத்து உபசோதனைகளிலும் 6 அளவுப்புள்ளி (தனித்தனியே 80-க்கு நிகர்) வாங்கியவரின் முழு ஐக்யூ 80-க்குப் பல புள்ளிகள் கீழே வருவதும் இதே காரணத்தால்தான். பல மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்ப்பது சிக்கலான வேலை என்று தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

முயற்சியும் ஒரு கேள்வி. உயிர் தப்ப வேண்டுமென்றே மோசமாக எழுதினால்? முயற்சியைச் சோதிக்கும் தனிச் சோதனைகள் உண்டு. ஆனால் அவற்றின் வெட்டுப்புள்ளிகள் பெரும்பாலும் குறைபாடு இல்லாதவர்களை வைத்து அமைக்கப்பட்டவை. உண்மையாகவே 60-களில் இருப்பவர் அவற்றில் ‘நடிக்கிறார்’ என்று மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடுதல். இதற்கு வலுவான மாற்று, வழக்கே இல்லாத காலத்துப் பதிவுகள். ஆரம்பப் பள்ளிச் சிறுவன், பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் தண்டனையிலிருந்து தப்பப் பாடத்தில் பின்தங்கியிருக்க மாட்டான். ஹாலின் பள்ளிப் பதிவேடு அந்த வகையில் மதிப்புள்ளது.

கேட்கப்படாமல் போன பாதி

நுண்ணறிவுச் சோதனை ஒருவரின் உச்சத் திறனைக் கேட்கிறது: அமைதியான அறையில், ஒரே வேலையில், முழு முயற்சியில் எவ்வளவு முடியும்? தகவமைப்பு நடத்தை அளவீடு வழக்கமான செயலைக் கேட்கிறது: யாரும் சொல்லாமல் தினமும் எவ்வளவு செய்கிறார்? மூன்று களங்கள். படிப்பு, பணம், நேரம் பற்றிய கருத்துசார் திறன்கள். பிறரைப் புரிந்து பழகுவதும் ஏமாறாமல் இருப்பதும் சேர்ந்த சமூகத் திறன்கள். சமையல், பயணம், மருந்து, வேலை போன்ற நடைமுறைத் திறன்கள். வைன்லேண்ட் போன்ற அளவுகோல்களும் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்றே அமைந்தவை. பதில் சொல்பவர் அந்த ஆளை நெருக்கமாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

குற்ற வழக்கில் இதைச் செய்வது கடினம். ஆள் பல ஆண்டுகளாகச் சிறையில். எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது என எல்லாம் சிறையே தீர்மானிக்கிறது. அங்கே ஒழுங்காக இருப்பது வெளி வாழ்க்கைத் திறனுக்குச் சான்றாகாது. ஆகவே 18 வயதுக்கு முந்தைய காலத்தைப் பின்னோக்கிக் கேட்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வயதைச் சொல்லி, அப்போது நடந்த திட்டமான செயல்களைக் கேட்பது முறை: ‘14 வயதில் தனியாகக் கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வருவாரா? எப்போதும், சில நேரம், இல்லவே இல்லை?’ ஒரே சாட்சியோடு நிறுத்தாமல் உடன்பிறந்தவர், ஆசிரியர், வேலை கொடுத்தவர் என்று பலரைத் தனித்தனியே கேட்டு, பள்ளிப் பதிவோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். தாயைப் பாசம் கூட்டிச் சொல்ல வைக்கும், வெட்கம் குறைத்துச் சொல்ல வைக்கும், இரண்டுமே நடக்கும்.

இங்கே மிகுதியாக நடக்கும் தவறு, ஒரு திறமையைக் காட்டி மற்றக் குறைகளை அழிப்பது. இவ்வளவு குறைகள் உள்ளவர் கார் திருடிக் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்டது எப்படி என்று ஹால் வழக்கிலேயே மாநில நீதிமன்றம் கேட்டிருந்தது. 60-களில் ஐக்யூ உள்ள பலர் வண்டி ஓட்டுகிறார்கள், வேலை பார்க்கிறார்கள், திருமணம் செய்கிறார்கள். பலமும் குறையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும் என்பது நோயறிதல் கையேடுகளின் அடிப்படை விதி. குறையைக் குறையாகத்தான் எண்ண வேண்டும். பலத்தால் கழிக்கக் கூடாது. 2017-இல் மூர் எதிர் டெக்சாஸ் தீர்ப்பு இதையே நேராகச் சொன்னது. அங்கே மதிப்பெண் 74, பிழை வரம்பு 69 முதல் 79. டெக்சாஸ் நீதிமன்றம் பலங்களுக்கும் சிறைக்குள் காட்டிய முன்னேற்றத்துக்கும் அதிக எடை கொடுத்தது தவறு என்று முடிவானது.

எதிர்த் தீர்ப்பின் வாதம்

நீதிபதி அலிட்டோ எழுதிய மாறுபட்ட தீர்ப்பை உளவியலாளர்கள் சிலர் அறியாமை என்று தள்ளிவிடுவதுண்டு. அது நியாயம் இல்லை. அளவீட்டுத் திட்டப் பிழை சோதனைக்குச் சோதனை மாறும்போது எல்லோருக்கும் ஐந்து புள்ளி என்று பொதுவாக வைப்பது அறிவியலா என்று அவர் கேட்டார். கேள்வி சரி. அந்தந்தச் சோதனைக் கையேட்டின் பிழையைப் பயன்படுத்துவதே முறை. தொழில்முறைச் சங்கங்கள் தங்கள் வரையறையை அடிக்கடி மாற்றும்போது அரசியலமைப்பை அவற்றோடு கட்டக் கூடாது என்றார். 1973-ஆம் ஆண்டுக் கையேட்டைப் பார்த்தவர்களுக்கு இதையும் எளிதாகத் தள்ள முடியாது. பல சோதனைகளைச் சமர்ப்பிக்க ஃபுளோரிடா இடம் கொடுத்ததே பிழையைச் சமாளிக்கும் வழி என்ற மூன்றாவது வாதம்தான் பலவீனமானது. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தனித்தனியே 70-உடன் ஒப்பிட்டால் பல சோதனைகளால் பயன் இல்லை. இரண்டு 71 சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

தீர்ப்புக்குப் பின்

வழக்கு ஃபுளோரிடாவுக்குத் திரும்பியது. 2016 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்து, ஹாலுக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்று ஏற்றது. மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. புதிதாக ஐக்யூ எதுவும் இறங்கிவிடவில்லை. பள்ளிப் பதிவும் குடும்பத்தார் சாட்சியமும் மருத்துவ உளவியலாளர்களின் கருத்தும் பல ஆண்டுகளாகக் கோப்பில் இருந்தவைதான்.

அதே ஆண்டு அந்த நீதிமன்றம் இன்னொரு வழக்கில், 2014-க்கு முன்பே தண்டனை இறுதியானவர்களுக்கும் புதிய விதி பொருந்தும் என்றது. நீதிபதிகள் மாறிய பிறகு, 2020 மே மாதம் ஃபிலிப்ஸ் எதிர் மாநிலம் வழக்கில் அந்த முடிவைத் தானே திரும்பப் பெற்றது. ஆகவே அந்த மாநிலத்தில், தண்டனை முன்பே இறுதியாகிவிட்ட ஒருவரின் 71-க்குப் பிழை வரம்பு உண்டா இல்லையா என்பது இப்போது அவருடைய தண்டனை இறுதியான தேதியைப் பொறுத்தது.